எக்ஸ்போர்ட் குவாலிட்டி படுதா

விலங்கியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று யாராவது கேட்டால், கோழிக்குஞ்சுகளுக்குப் பின்பக்கம் துடைக்கிற வேலை கிடைக்கும் என்று தயங்காமல் சொல்வேன். எனக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான். கடைசிப் பரீட்சை எழுதி, ஹாஸ்டலைக் காலி செய்து வீட்டுக்கு வந்து, பெட்டியைக்கூட நான் திறக்கவில்லை. அதற்குள் பல்லடம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அத்தை வந்து நின்றார். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. உட்காரச் சொல்லியும் உட்காராமல் அம்மாவிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

“அம்முணிய ஒரு மாசம் எங்கூட அனுப்பி வெய்யுங்க அண்ணி. ஷெட்டுல குஞ்சு எறக்கறேன். படிச்ச புள்ள பக்கத்துல இருந்தா ஒரு தெகிரியம்.”

“அவ காலேஜுல தவளையத்தானுங்க அறுத்தா,” என்றார் அம்மா.

“தவளை, கோழி எல்லாம் ஒரே டிப்பார்ட்மெண்டுதானுங்க.”

இதை மறுக்க எனக்கு வழியில்லை. முட்டைக்குள் இருக்கும் கோழிக்கருவை வண்ணப் பென்சிலால் ரெக்கார்டில் வரைந்து ‘வெரி குட்’ வாங்கியவள் நான். முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்த பிறகு அதை என்ன செய்வது என்பது மட்டும் எங்கள் சிலபஸில் இல்லை.

அத்தை இவ்வளவு பதற்றப்பட்டதற்குக் காரணம் கோழி அல்ல, மாமா. அவருக்குத் திருப்பூரில் ஒரு தையல் யூனிட் இருந்தது. பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துத் திருப்பிக் கொடுப்பதுதான் தொழில். ஆனால் போர்டில் ‘எக்ஸ்போர்ட்ஸ்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூமி உருண்டையும் வரைந்திருந்தார். தொண்ணூறுகளின் அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் கூரை இருந்த எல்லாவற்றுக்குள்ளும் தையல் மிஷின் நுழைந்துகொண்டிருந்தது. மாட்டுக் கொட்டகை, அரிசி மில், டியூஷன் சென்டர், மூடிப்போன சினிமாக் கொட்டகை, எங்கே காது வைத்தாலும் ஓவர்லாக் மிஷின் சத்தம். மிச்சம் இருந்தது கோயிலும் கோழி ஷெட்டும்தான். கோயிலுக்கு ஒரு கமிட்டி இருந்தது. கோழி ஷெட்டுக்கு அத்தை மட்டும்தான் இருந்தார்.

ஷெட் நன்றாக நீளமாக இருக்கும். தண்ணீர் உண்டு, கரண்ட் லைன் உண்டு. அதற்குள் வரிசையாகத் தையல் மிஷின்களைப் போட்டால் எப்படி இருக்கும் என்று மாமா அதைக் கடக்கும்போதெல்லாம் கற்பனையிலேயே பல்பு மாட்டிப் பார்ப்பார். அத்தைக்கோ, கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அவர் முடிவெடுக்கிற ஒரே இடம் அந்த ஷெட். வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பதைக்கூட மாமாவின் வயிறுதான் முடிவு செய்யும். ஷெட்டுக்குள் அப்படி இல்லை. அங்கே அத்தை சொன்னால் சொன்னதுதான்.

போன முறை இறக்கிய குஞ்சுகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்திலேயே போய்விட்டன. அதிலும் மாமாவின் மூளை வேலை செய்திருந்தது. குஞ்சுகளைச் சுற்றித் தகட்டை வட்டமாகத்தான் நிறுத்த வேண்டும் என்று குஞ்சு கொடுத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வட்டம் போட்டால் நாலு ஓரமும் வேஸ்ட் என்று மாமா, கம்பெனியிலிருந்து கட்டிங் டேபிள் பலகைகளைக் கொண்டுவந்து சதுரம் சதுரமாகத் தடுத்துவிட்டார். துணி வெட்டுகிற ஆட்களுக்கு வட்டத்தைக் கண்டாலே வயிறு எரியும். குளிர்காற்று அடித்ததும் குஞ்சுகள் மூலையைத் தேடி ஓடி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடியில் சிக்கியவை மூச்சு முட்டிச் செத்தன. இதிலிருந்து மாமா கற்றுக்கொண்ட பாடம், சதுரம் தப்பு என்பதல்ல. கோழி நமக்கு ராசி இல்லை என்பது.

நான் போய் இறங்கிய அன்று மதியச் சாப்பாட்டில் அவர் தீர்ப்பை வாசித்தார்.

“மருமவளே, நீயும் கேட்டுக்க. உங்க அத்தைக்கு இதுதான் கடைசி லாட்டு. குஞ்சு எல்லாம் நல்லபடியா தேறி, அந்தத் தகட்ட எடுத்து ஷெட்டு முழுக்க வெளையாட உட்டாச்சுன்னா, ஷெட்டு அவளுது. நான் அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்க மாட்டேன். போன தடவையாட்ட ஆச்சுன்னா, மக்யா நாளே, விடிஞ்சதும் மிஷினு வந்து எறங்கும்.”

“சொன்ன சொல்லு மாறப்படாதுங்க,” என்றார் அத்தை, ரசத்தை ஊற்றிக்கொண்டே.

“நானு எக்ஸ்போர்ட் பண்றவன். டெலிவரின்னா டெலிவரி.”

ஆக, விஷயம் இவ்வளவுதான். புரூடர் என்பது தாய்க்கோழி இல்லாத குஞ்சுகளுக்குக் கரண்டில் செய்து கொடுத்த தாய்க்கோழி. மேலே தகரக் குடை, அதற்குள் குண்டு பல்புகள், கீழே உமி மெத்தை, சுற்றிலும் வட்டத் தகடு. இறகு முளைத்து உடம்பு தானாகவே சூட்டைப் பிடித்துக்கொள்ளும்வரை குஞ்சுகளுக்கு அந்த வட்டம்தான் உலகம். அந்தத் தகட்டை எடுக்கிற நாள்வரை அத்தை தாக்குப்பிடிக்க வேண்டும்.

நானும் அத்தையும் ஷெட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தோம். தகட்டை இரண்டு வட்டமாக நிறுத்தி, உள்ளே நெல் உமியைப் பரப்பி, அதன்மேல் பழைய பேப்பரை விரித்தோம். புதுக் குஞ்சுகளுக்குத் தீனிக்கும் உமிக்கும் வித்தியாசம் தெரியாது என்பதால் முதல் சில நாள் பேப்பர்மேல்தான் மக்காச்சோள நொய்யைத் தூவ வேண்டும். ‘பின்னலாடை ஏற்றுமதி ஓகோ’ என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டிருந்த பக்கத்தை அத்தை தேடியெடுத்து, பல்புக்கு நேர் கீழே, குஞ்சுகள் அதிகம் நடமாடும் இடத்தில் விரித்தார்.

உமியைப் பார்த்த மாமாவுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் ஒரு வேன் நிறையப் பனியன் வேஸ்ட் வந்தது. “பொறந்த கொழந்தைக்கே பனியன் துணிதான். உமி போயி குத்தாதா?” என்றார். நூல் காலில் சுற்றினால் குஞ்சின் கால் வீங்கிப்போகும், பஞ்சைத் தின்றால் தொண்டைப்பை அடைத்துக்கொள்ளும் என்று அத்தை சொல்லி, மூட்டைகளைப் பிரிக்காமலே சுவரோரம் அடுக்கிவிட்டார். மாமா விட்டுக்கொடுக்கிற ஆளா? அடுத்துப் படுதாவில் கை வைத்தார்.

ஷெட்டின் இரண்டு பக்கமும் இடுப்புயரச் சுவர், அதற்கு மேல் கம்பி வலை. காற்றும் சாரலும் நேரே அடிக்காமலிருக்க வலைக்கு வெளியே அத்தை பழைய சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டிருந்தார். கிழிசல், ஒட்டு, நடுநடுவே ஓட்டை. யாராவது பார்த்தால் எக்ஸ்போர்ட்டர் வீட்டு மானம் என்ன ஆவது? மாமா தன்னுடைய சீனியர் டெய்லரை அனுப்பி அளவெடுக்கச் சொன்னார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். காதில் பென்சில், கழுத்தில் டேப். இரண்டே நாளில் படுதா தயாராகி வந்தது.

அப்படி ஒரு படுதாவை இந்தியாவில் எந்தக் கோழியும் பார்த்திருக்காது. ஷேடு மாறியதால் வெளிநாட்டுக்காரன் திருப்பியனுப்பிய கெட்டி இன்டர்லாக் பனியன் துணி, பேபி பிங்க் நிறம், இரண்டு மடிப்பு. நடுவில் பேக்கிங் பாலித்தீன். மேலே கட்டுவதற்கு நாடா. கீழே சுவரைக் கவ்விப் பிடிக்க எலாஸ்டிக்.

அத்தை சுற்றி வந்து பார்த்தார். “ஏனுங்க, ஷெட்டுக்கு ஜட்டி தெச்சுட்டு வந்திருக்கறீங்களாட்டிருக்குது.”

“ஒரு பொட்டுக் காத்து உள்ள வராது புள்ள!” மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

“நாலு நூல் ஓவர்லாக்குக்கா,” என்றார் டெய்லர். “இழுத்துப் பாருங்க. யானை இழுத்தாலும் பிரியாதுல்லா.”

காசில்லாமல் வந்த துணியை வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல், புருஷன் முகத்தையும் பார்த்து, அத்தை சாக்குக்கு மேலேயே அதைக் கட்டவிட்டார். ஆனால் மேல்பக்கம் ஒரு முழத்துக்குத் தாழ்த்தி, காற்றுப் போக இடம் விட்டுத்தான் கட்டினார். மாமாவின் கண்ணில் அந்த இடைவெளி பட்டன் போடாத சட்டைபோல உறுத்திக்கொண்டே இருந்தது.

குஞ்சுகள் ஒரு விடிகாலையில் வந்தன. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகள், பெட்டி பெட்டியாகக் கீச்சுச் சத்தம். கூடவே குஞ்சுக் கம்பெனியின் சூப்பர்வைசர் ஸ்கூட்டரில் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஆனால் பேச்சு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்.

“ஒவ்வொன்னாப் புடிச்சு மூக்கத் தண்ணில ஒரு தடவ நனைச்சு உடுங்க. வெல்லத் தண்ணி குடுங்க மொதல்ல, தீனி அப்பறம். தெர்மாமீட்டரப் பாக்காதீங்க, குஞ்சப் பாருங்க. பல்புக்கு அடீல குமிஞ்சு கெடந்தா குளுருது. தகட்டோரம் ஓடி ரெக்கைய விரிச்சு மூச்சு வாங்குச்சுன்னா சூடு. ஒரே பக்கமா ஒதுங்குச்சுன்னா எங்கியோ காத்து அடிக்குது. நெலக்கடலையக் காயப் போட்டாப்புல பரவலாக் கெடந்தா நீங்க போயிக் காப்பி குடிக்கலாம்.” பிறகு படுதாவைப் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். “இது என்னங்க, சால்வையா?”

“படுதாதானுங்க,” என்றேன்.

“மேல மட்டும் எப்பவும் தொறந்தே இருக்கோணும். சூடு கொறைஞ்சாக்கூடச் சமாளிச்சுப் போடலாம். காத்து கொறையக் கூடாது.”

பக்கத்தில் நின்ற மாமா தலையாட்டினார். அது ஆர்டர் கொடுக்கிற பெரிய கம்பெனிக்காரர்களிடம் அவர் ஆட்டுகிற தலை. கேட்டுக்கொண்டதாக அர்த்தமில்லை.

அன்றிலிருந்து நான் குஞ்சுகளின் மூக்கை நனைத்தேன், தண்ணீர்த் தட்டுகளைக் கழுவினேன், கண்ணுக்கு ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து விட்டேன். கழிச்சல் ஒட்டிக் காய்ந்து பின்பக்கம் அடைத்துக்கொண்ட குஞ்சுகளைப் பொறுக்கியெடுத்து, வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டேன். அந்தச் சுவரோரத்துப் பனியன் வேஸ்ட் இதற்கு மிகவும் உதவியது. யூரோப்புக்குப் போக வேண்டிய துணி, போய்ச் சேர்ந்த இடம் இது.

அடுத்த தொல்லை உறவுக்காரர்கள். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் எல்லோரும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வருவார்கள். குஞ்சு இறங்கினாலும் கிட்டத்தட்ட அப்படித்தான். மாமாவின் அக்கா ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் ஜீப் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். அத்தைக்கு நங்கையா முறை, அதாவது எதிர்த்துப் பேச முடியாத முறை. வாசலில் கிருமிநாசினி கலந்த தண்ணீரை ஒரு தொட்டியில் ஊற்றி வைத்திருந்தோம். வெளியிலிருந்து வருகிறவர்கள் செருப்புக்காலோடு அதில் மிதித்துவிட்டு வந்தால் நோய் ஒட்டாது என்பது ஏற்பாடு. அவர்கள் பண்பானவர்கள். குஞ்சு இருக்கிற இடமாச்சே என்று செருப்பை எல்லாம் மரியாதையாக வெளியே கழற்றிவிட்டு, பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துத் தொட்டியைத் தாண்டி உள்ளே வந்தார்கள். ஒரு பெரியம்மா மட்டும் குனிந்து, தொட்டித் தண்ணீரை விரலால் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டார்.

“நங்கையா, கோவிச்சுக்காதீங்க. எல்லாரும் வெளிய போயி, கால அந்தத் தண்ணில முக்கிட்டு, வாசல்ல நின்னே பாருங்க,” என்றார் அத்தை.

“ஏன், எங்க காலுல என்ன ஒட்டியிருக்குது?”

“உங்க ஊட்லயும் கோழி இருக்குதல்லங்க. அதுக்குச் சளின்னு போன வாரம் நீங்கதானுங்க சொன்னீங்க.”

“சொந்த நாத்தனாளக் கோழி சீக்குக்காரீன்னு சொல்லிப்போட்டா பாருங்க!” என்று நங்கையா ஜீப்புக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். கல்யாண மண்டபத்திலும் சொல்லியிருக்கிறார். மாமா அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அத்தை கண்டுகொள்ளவில்லை. குஞ்சுகள் காயப்போட்ட நிலக்கடலைபோலப் பரவலாகக் கிடந்தன. அத்தைக்கு அது போதும்.

முதல் வாரம் முடிகிற நேரத்தில் மழை பிடித்தது. கோடை மழை. மதியம் வானம் கறுத்து, காற்றோடு கொட்டத் தொடங்கியதும் கரண்ட் போனது. கம்பெனியில் ஜெனரேட்டர் இருந்தது. பனியனுக்குக் குளிரக் கூடாதல்லவா? ஷெட்டில் எங்களிடம் இருந்தது கரி அடுப்புதான். ஓட்டை போட்ட பெயிண்ட் டப்பாக்களில் கரியைப் பற்றவைத்து, கங்கானதும் தகட்டுக்கு வெளியே சுற்றிலும் வைத்தோம். மேலே திறந்திருந்த இடைவெளி வழியாகப் புகையும் போயிற்று, கொஞ்சம் சூடும் போயிற்று. குஞ்சுகள் லேசாக நெருங்கிப் படுத்துக் கத்தின. சமாளிக்கிற அளவுதான். “இன்னும் கொஞ்சம் கரியும் சுடுதண்ணியும் எடுத்துட்டு வந்துரலாம் வா கண்ணு,” என்று அத்தை சொல்ல, ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவரைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினோம்.

நாங்கள் திரும்பி வந்தபோது ஷெட் வாசலில் மாமாவின் ஸ்கூட்டர். உள்ளே மாமாவும் டெய்லரும் சொட்டச் சொட்ட நனைந்து நின்றார்கள். மிஷின் போடுவதற்கு ஷெட்டின் நீள அகலத்தை அளந்து வைத்துக்கொள்ளலாம் என்று டெய்லரை மாமா அழைத்து வந்திருந்தார். இந்த லாட் தேறாது என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. ஆனாலும் பாருங்கள், மனிதர் கெட்டவரில்லை. வந்த இடத்தில் சாரல் உள்ளே அடிப்பதைப் பார்த்ததும் மனம் கேட்கவில்லை. இரண்டு பேருமாகப் படுதாவை உச்சிவரை இழுத்து, எல்லா நாடாவையும் முடிச்சுப் போட்டு, கீழே எலாஸ்டிக்கையும் சுவரில் கவ்வவிட்டிருந்தார்கள். உள்ளே கதகதவென்று, பிங்க் நிறமாக, பியூட்டி பார்லர் போல இருந்தது.

“பாத்தயா?” என்றார் மாமா, கிசுகிசுப்பாக. “சத்தமே இல்லை. பேபி சூட்டுப் போட்டாப்புல தூங்குது.”

உண்மைதான். குஞ்சுகள் குமியவும் இல்லை, ஓரமாக ஓடவும் இல்லை. பரவலாகத்தான் கிடந்தன. சூப்பர்வைசர் சொன்னபடி பார்த்தால் நாங்கள் காப்பி குடிக்கப் போகலாம். எனக்குக் கண் எரிந்தது. நெற்றிப்பொட்டில் யாரோ விரலால் அழுத்துவது போல இருந்தது. கரிப்புகைக்குப் போக வழியில்லை, உமியிலிருந்து கிளம்புகிற கார நெடிக்கும் வழியில்லை.

அத்தை கரி மூட்டையைக் கீழே வைக்காமலே நின்றார். “ஏனுங்க, ஏன் ஒன்னுகூடக் கத்தலை?”

“தூங்குதுன்னு சொல்றனல்ல.”

“இத்தன குஞ்சு இருக்கற எடத்துல ஒன்னாச்சும் முழிச்சிருக்குமுங்க.” தகட்டைத் தாண்டி ஒரு குஞ்சை எடுத்தார். அதன் கழுத்து அவர் விரலிடுக்கில் துவண்டு தொங்கியது. வாய் திறந்து திறந்து மூடியது. “படுதாவப் பிரிங்க!”

“மழை அடிக்குது புள்ள! குளுந்து போச்சுன்னா போன தடவையாட்டவே ஆயிரும்.”

“குளுந்தா கத்துமுங்க. இது கத்த மாட்டீங்குது.”

எல்லோரும் மழையில் வெளியே ஓடினோம், நான் ஒரு நாடாவைப் பிடித்து இழுத்தேன். நனைந்த முடிச்சு இறுகிப் போயிருந்தது. டெய்லர் இன்னொன்றை நகத்தால் நோண்டினார், பிறகு பல்லால் கடித்தார். “நான்தான் போட்டேன், எனக்கே அவுக்க வரல்லியே,” என்று அழாக்குறையாகச் சொன்னார். எலாஸ்டிக்கைத் தூக்கினால், விட்டதும் பட்டென்று திரும்பிச் சுவரைக் கவ்வியது. எந்த யானையும் பிரிக்க முடியாத தையல் என்று அவர் சொன்னது பொய்யில்லை.

“கத்திரி இருக்குதுங்களா?” என்றார் அத்தை.

டெய்லரின் சட்டைப் பையில் நூல் பிசிறு வெட்டுகிற டிரிம்மர் எப்போதும் இருக்கும். எடுத்தார். எடுத்துவிட்டு மாமாவைப் பார்த்தார். “ஓனரு, வெட்டட்டா?”

மாமா ஒரு நொடி யோசித்தார். அந்த நிலைமையில், அத்தனை குஞ்சுகளும் வாயைப் பிளந்து கிடக்கையில், அவர் வாயிலிருந்து வந்த வார்த்தையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“தையல மட்டும் பிரி. துணிய வெட்டாத. வேஸ்ட் ஆயிரும்.”

அத்தை டிரிம்மரைப் பிடுங்கினார். பேபி பிங்க்கின் நடுவில் குத்தி, இரண்டு கையாலும் கீழ்நோக்கி இழுத்தார். துணி கிழிந்த சத்தத்துக்கு மாமா தன் சட்டையைக் கிழித்தது போல முகத்தைச் சுளித்தார். இன்னொரு இடத்தில் குத்து, இன்னொரு இழுப்பு. டெய்லரும் எங்கிருந்தோ இன்னொரு கத்திரியை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் இறங்கிவிட்டார். “ரெண்டு நாள் வேலைக்கா, ரெண்டு நாள் வேலை,” என்று புலம்பிக்கொண்டே வெட்டினார். நான் உள்ளே ஓடி, புகைகிற டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தாழ்வாரத்துக்குத் தூக்கிப்போய் வைத்தேன். கிழிசல் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே பாய்ந்தது. அடியில் இருந்த பழைய சாக்குப் படுதா சாரலை மட்டும் தடுத்து, காற்றுக்கு வழிவிட்டது. அதன் ஓட்டைகள் ஒவ்வொன்றும் அளவெடுத்துப் போட்டது போல வேலை செய்தன.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு எங்கோ ஒரு குஞ்சு கீச்சென்றது. இன்னொன்று. அப்புறம் எல்லாம் சேர்ந்து ஒப்பாரி. அவ்வளவு காட்டுக்கத்தலை நான் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.

கத்தியதோடு நிற்கவில்லை. குளிர் உறைத்ததும் எல்லாம் ஒரே இடத்துக்கு ஓடிக் குமியத் தொடங்கின. வட்டத்தில் மூலை இல்லைதான், ஆனால் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் அடியில் இருப்பது எப்படியும் நசுங்கும். கையால் கலைத்துவிட்டால் மறுபடியும் குமிந்தன. அத்தை மாமாவைப் பார்த்தார்.

“நீங்க உள்ள எறங்கி நடுவுல உக்காருங்க.”

“நானா?”

“உங்களுக்குத்தானுங்க ஒடம்புல சூடு எச்சு.”

நனைந்த சட்டையையும் வேட்டியையும் களைந்துவிட்டு, நான் வீட்டுக்கு ஓடி எடுத்து வந்த உலர்ந்த வேட்டியோடு மாமா தகட்டுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குஞ்சுகள் அவரை அடைக்கோழி என்றே நினைத்துக்கொண்டன. தொடைக்கு அடியில் கொஞ்சம், வேட்டி மடிப்பில் கொஞ்சம், முதுகோரம் கொஞ்சம் என்று கூட்டம் நாலாபக்கமும் பிரிந்தது. எதிர்ப்பக்கம் அத்தை. இன்னொரு வட்டத்தில் நானும் டெய்லரும். வாசலோரம் புகை அடங்கிய கங்கு. மாமா கால் மரத்துப்போய்க் கொஞ்சம் அசைந்தால் போதும், அத்தை அதட்டுவார்.

“அசையாதீங்க! நசுங்கீரும்.”

“புள்ள, மேல என்னென்னமோ ஆவுது.”

“துணிதானுங்க. தொவைச்சுக்கலாம்.”

கரண்ட் வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. மழை நின்ற தென்னந்தோப்பில் அத்தையும் நானும் ஒரு கூடையைத் தூக்கிப்போனோம். குழி தோண்டி, சுண்ணாம்பு தூவி மூடினோம். கூடை நிறையவில்லை என்பதுதான் ஆறுதல். அத்தை அழவில்லை. மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு நேராகப் போய்ப் பல்புகளைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டினார்.

அதன் பிறகு மாமா ஷெட் பக்கம் வரவில்லை. நாட்கள் தண்ணீர்த் தட்டிலும் தீனித் தட்டிலும் போயின. பேப்பரை எடுத்தோம். தகட்டு வட்டத்தை அகட்டிக்கொண்டே போனோம். மஞ்சள் பஞ்சுக்குள்ளிருந்து வெள்ளை இறகு குச்சி குச்சியாக எட்டிப் பார்த்து, அழகான குஞ்சுகள் எல்லாம் மொட்டையடித்து முடி வளர்கிற பையன்களைப் போலக் கோரமாக மாறின. கோரமானால் தேறிவிட்டது என்று அர்த்தம். சூப்பர்வைசர் வந்து இரண்டு மூன்றைத் தூக்கி இறக்கையை விரித்துப் பார்த்துவிட்டு, “நாளைக்குத் தகட்ட எடுத்துருங்க,” என்றார்.

மறுநாள் காலையில் தகடுகளைச் சுருட்டி வைத்தோம். முதலில் ஒன்றும் நகரவில்லை, வட்டம் இருந்த இடத்திலேயே நின்றன. பிறகு துணிச்சலான ஒன்று கோட்டைத் தாண்டியது. அடுத்த கணம் ஷெட் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெள்ளையும் மஞ்சளுமாக ஓடியது.

அப்போதுதான் வாசலில் டெம்போ வந்து நின்றது. பின்னால் தையல் மிஷின்கள், டேபிள்கள், டியூப் லைட்டுகள். முன்னால் மாமாவும் டெய்லரும். மழை பெய்த மறுநாளே மாமா எல்லாவற்றுக்கும் சொல்லி வைத்திருக்கிறார். பிறகு நிலைமை மாறியது தெரிந்தும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு ஆர்டரை எடுத்துவிட்டதாகவும், டெய்லர்களை வரச் சொல்லிவிட்டதாகவும், டெலிவரி கழுத்தை நெரிப்பதாகவும் வாசலில் நின்றே அடுக்கினார்.

அத்தை கதவை விரியத் திறந்துவிட்டார். டெய்லர் எட்டிப் பார்த்தார். “ஓனரு, மிதிக்க எடமில்லியே.”

“பாதி ஷெட்டு மட்டும் குடு புள்ள,” என்றார் மாமா. “நடுவுல தடுத்துக்கலாம். இதுக சத்தமில்லாம, பொட்டாட்ட அந்தப் பக்கம் இருந்துட்டுப் போகுது.”

“ஏனுங்க, அன்னைக்குச் சோறு திங்கறப்பச் சொன்னீங்களே ஒரு சொல்லு. அது எக்ஸ்போர்ட் குவாலிட்டீங்களா, ரிஜெக்ட்டுங்களா?”

மாமா டெய்லரைப் பார்த்தார். டெய்லர் வானத்தைப் பார்த்தார். டெம்போ டிரைவர் ஹாரனை ஒரு தட்டுத் தட்டினார். நான் அப்போது வாயைத் திறந்திருக்கக் கூடாதுதான், திறந்தேன்.

“மாமா, நாந்தானுங்க சாட்சி.”

“நீ ஒருத்தி. படிச்சுப்போட்டு வந்துட்டா.” செருப்பைத் தரையில் தேய்த்தார். பிறகு டெம்போவைப் பார்த்துக் கத்தினார். “ஊட்டுல எறக்குங்கடா!”

மதியத்துக்குள் வீட்டின் முன்ஹாலில் மிஷின்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்துவிட்டன. சோபா வேப்பமரத்தடிக்குப் போனது. டி.வி. பீரோவின் மேலே ஏறியது. என்னுடைய பெட்டி எங்கே போனது என்று தேடினால் அதன்மேல் ஒருவர் உட்கார்ந்து பட்டன் வைத்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது ரசத்தில் பஞ்சு மிதந்தது. பேச வேண்டுமானால் கத்த வேண்டியிருந்தது. மாமாவுக்கு மட்டும் எல்லாம் வசதியாக இருந்தது. படுக்கையிலிருந்தபடியே செக்கிங் பண்ணலாம்.

சாயங்காலம் அத்தையைத் தேடி ஷெட்டுக்குப் போனேன். ஒரு முக்காலியைப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். காலைச் சுற்றிக் குஞ்சுகள் புடவை ஓரத்தைக் கொத்திக்கொண்டிருந்தன.

“ஊடே கம்பெனியாட்ட ஆயிப்போச்சுங்களே அத்தை. உங்களுக்கு வருத்தமா இல்லீங்களா?”

“அது அவரு ஊடு கண்ணு. என்னத்தையோ தெச்சுக்கட்டும்,” என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். “தீவனப் பக்கெட்டு எங்க? வெறுங்கையோடவா வந்த?”